நல் என்றால் நல்லதில்லை



இந்தக் கிழமை எபிசோடில் வாகனங்களுக்குள் இருக்கும் சென்சர்கள் பற்றிப் பேசினோம். நடுவில் நான் ஒரு ட்ரெய்லர் டயர் கதையைத் தொடங்க, நேரம் போகுது என்று வெட்டிவிட்டார்கள். வெட்டினதும் நல்லதுதான். அந்தக் கதையில் பிழை விட்டது நான். மைக்குக்கு முன்னால் சிரித்துக்கொண்டு சொல்கிற விஷயமில்லை, ஆனபடியால் எழுதுகிறேன்.

வைலேயில் இருப்பவர்களுக்கு லொறி புதினமில்லை. பியோர்ட் பாலத்துக்கு மேலால் இரவு பகலாகப் போய்க்கொண்டே இருக்கும். 1980இல் திறந்த பாலம், 1,712 மீற்றர் நீளம். தெற்கே பட்போர்க் எல்லையில் இருந்து வடக்கே ஓர்ஹூஸ், ஓல்போர் போகிற சரக்கு இதற்கு மேலால்தான் போகும். கொஞ்சம் கீழே கோல்டிங், பிரடெரிசியா பக்கம் பியூனுக்கும் கோபன்ஹேகனுக்கும் போகிற பாதை பிரியும். எங்கட ஆக்களும் இந்த லொறிகளில் ஓடுகிறார்கள். உங்களில் சிலருக்கு அப்பா, சிலருக்கு மாமா.

நான் எழுதிய ஒரு வரி

சில வருடங்களுக்கு முதல் இந்தப் பக்கத்தில் உள்ள ஒரு போக்குவரத்துக் கொம்பனிக்கு நாலு மாதக் கொன்ராக்டில் போனேன். வேலை இலேசானது. அவர்களுடைய லொறிகளிலும் ட்ரெய்லர்கள் சிலவற்றிலும் டயர் காற்றை அளக்கும் சென்சர் இருந்தது. வாகனத்தில் பூட்டியிருக்கும் ஒரு பெட்டி அந்த அளவுகளை மொபைல் வலையமைப்பு வழியாக, அதை விற்றவர்களின் சேர்வருக்கு அனுப்பும். அங்கேயிருந்து ஏ.பி.ஐ. வழியாக எடுத்து அலுவலகத்தில் ஒரு பெரிய திரையிலும், ஓட்டுநரின் டப்லெட்டிலும் காட்ட வேண்டும்.

ஒரு வாகனத்துக்குப் பன்னிரண்டு வட்டம். இழுக்கிற லொறியில் ஆறு டயர், பின்னால் வரும் மூன்று அச்சு ட்ரெய்லரில் ஆறு டயர். காற்று சரி என்றால் பச்சை. குறைகிறது என்றால் மஞ்சள். உடனே நிற்பாட்டு என்றால் சிவப்பு. அளவே வரவில்லை என்றால் சாம்பல் நிறம், நடுவில் ஒரு கேள்விக்குறி.

முதல் டெமோவில் திரையில் பாதி சாம்பல். பழைய ட்ரெய்லர்களில் சென்சரே இல்லை. சிலதில் பற்றரி முடிந்திருந்தது. சிலதில் டயர் மாற்றும்போது சென்சரைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டவில்லை. ஓட்டுநர்கள் ஒவ்வொரு காலையும் அலுவலகத்துக்கு அடித்து "இது என்ன கேள்விக்குறி?" என்று கேட்க, அலுவலகத்தில் இருந்தவர்கள் களைத்துப்போனார்கள். ஒரு கூட்டத்தில் கேட்டார்கள்: அலாரம் இல்லாதது எல்லாத்தையும் பச்சையாக்க ஏலாதா?

ஏலும் என்று சொன்னேன். ஒரு வரிதான். அளவு நல் என்றால் அலாரம் இல்லை. அலாரம் இல்லை என்றால் பச்சை. டெஸ்ட் எல்லாம் பாஸ். திரை வடிவாக வந்துவிட்டது, எல்லாருக்கும் சந்தோசம். நானும் இன்வொய்ஸ் அனுப்பினேன்.

புரோகிராம் எழுதாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நல் என்பது பூச்சியமில்லை. உங்கட வங்கிக் கணக்கில் பூச்சியம் என்றால் காசு இல்லை. நல் என்றால் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே படிப்பிக்கிற பாடம் இது. தமிழில் எழுதினால் அது நல்வரவில் வருகிற 'நல்' மாதிரியே இருக்கிறது. நான் கோடில் விட்ட பிழையும் அதேதான்: நல் என்று வந்ததை நல்லது என்று வாசித்துவிட்டேன்.

அடுத்த பெப்ரவரியில் ஒரு விடியப்புறம், கோல்டிங்குக்குத் தெற்கே ஈ45இல், அந்தக் கொம்பனியின் ட்ரெய்லர் ஒன்றில் இடது பக்கக் கடைசி டயர் கிழிந்து பறந்தது. சேற்றுக்காப்பு உடைந்தது, பின் விளக்கு வயர் அறுந்தது. பின்னால் வந்த கார் ஒரு துண்டு ரப்பரை மயிரிழையில் விலத்திப் போனது. ஒருவருக்கும் காயமில்லை. ஓட்டிக்கொண்டு வந்தவர் எங்கட ஆள், எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஓர் அண்ணை. திருத்துகிற வண்டி வரும்வரை மூன்று மணித்தியாலம் குளிருக்குள் வீதியோரம் நின்றிருக்கிறார்.

அடுத்த கிழமை யார்டில் அவரைக் கண்டேன். கோபமாகப் பேசவில்லை. "தம்பி, நான் வெளிக்கிடேக்க உங்கட ஸ்கிரீனில பன்னிரண்டும் பச்சை. முந்தியெண்டா ஒவ்வொரு டயரையும் தட்டிப் பாத்திட்டுத்தான் ஏறுவன். இப்ப மிஷின் பாக்குது தானே எண்டு விட்டிட்டன்" என்றார்.

லொக்கை எடுத்துப் பார்த்தேன். அந்த டயரின் சென்சர் மூன்று கிழமையாக ஒன்றும் அனுப்பவில்லை. மூன்று கிழமையும் நல். மூன்று கிழமையும் என்ர வரி அதைப் பச்சையாகப் பூசிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னதை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். என் திரை அவருக்கு உதவாமல் விட்டது ஒரு பக்கம். அவருக்கு இருந்த ஒரு நல்ல பழக்கத்தையும் அது பறித்துவிட்டது. திரை இல்லாமலே இருந்திருந்தால் அவர் அன்று காலை சுற்றி நடந்து பார்த்திருப்பார்.

சில்லுக்குள் என்ன நடக்கிறது

காரில் டயர் காற்றைக் கண்காணிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மறைமுகமானது. காற்றுக் குறைந்த சில்லு கொஞ்சம் சிறுத்து, மற்றதைவிட வேகமாகச் சுற்றும். ஏ.பி.எஸ். சென்சர் அதைப் பிடித்துவிடும். தனி உபகரணம் தேவையில்லை. மற்றது நேரடியானது. ஒவ்வொரு சில்லுக்குள்ளும் பற்றரியோடு ஒரு சின்ன சென்சர், அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து ரேடியோவில் அனுப்பும். ஐரோப்பாவில் வழக்கமாக 433 மெகாஹேர்ட்ஸ்.

ட்ரெய்லருக்கு முதல் வழி சரிவராது. மூன்று அச்சு ட்ரெய்லரில் வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு அச்சில்தான் ஏ.பி.எஸ். சென்சர் இருக்கும். மிச்சச் சில்லுகள் எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு சென்சர் வேண்டும், ஒவ்வொரு சென்சருக்கும் பற்றரி வேண்டும். அந்தப் பற்றரி ஒரு நாள் முடியும். பற்றரியைக் காப்பாற்ற, சில்லு சுற்றாத நேரம் பல சென்சர்கள் நித்திரை கொள்ளும். ஓட்டுநர் காலையில் ஏறி இருந்து திரையைப் பார்க்கிற அந்த நேரத்தில் அவர் காண்பது நேற்றைய அளவாக இருக்கலாம்.

ஐரோப்பிய ட்ரெய்லர்களில் அதிகம் காணும் டயர் 385/65 ஆர் 22.5. அகலமானது, ஒரு பக்கத்துக்கு ஒன்று. காற்று ஏறக்குறைய 9 பார். உங்கட காரில் 2.5 பார் இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. மூன்று அச்சுக்கும் சேர்த்து 24 தொன் வரை ஏற்றலாம். டயர் ஒன்றுக்கு 4 தொன். காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலாக மடிந்து விரியும். மடிய மடியச் சூடு. சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் கம்பியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். பிறகு வெடிப்பு, சில நேரம் நெருப்பு. அமெரிக்க டயர்த் தொழிலில் ஒரு விதி இருக்கிறது: சொன்ன அளவில் 20 வீதம் குறைந்து ஓடின டயரை, காற்றே இல்லாமல் ஓடின டயராகக் கருதிக் கழற்றிப் பார்க்க வேண்டும். 9 பாரில் 20 வீதம் போனால் 7.2 பார். வெளியே நின்று கண்ணால் பார்த்தால் 9க்கும் 7.2க்கும் வித்தியாசம் தெரியாது.

ஓட்டுநருக்கும் தெரியாது. அவர் இருப்பது முன்னுக்கு. டயர் இருப்பது பத்து மீற்றருக்கு மேல் பின்னுக்கு, வேறொரு வண்டியில். காரில் டயர் போனால் ஸ்டியரிங் சொல்லும். ட்ரெய்லரில் பல நேரம் பக்கத்தில் போகிற கார்க்காரர் ஹோர்ன் அடித்துக் கைகாட்டினால்தான் உண்டு.

இன்னொன்று, எங்களைப் போன்ற கணக்குப் படித்தவர்களுக்கு. 20 பாகை வெப்பத்தில் 9 பார் அடித்த டயர், மைனஸ் 5 பாகைக் காலையில் 8.15 பார் அளவில் காட்டும். ஒழுக்கு ஒன்றும் இல்லை, குளிர் மட்டும்தான். மறுபக்கம், மெல்ல ஒழுகி 8 பாருக்கு இறங்கின டயர் ஓடி ஓடி 60 பாகைக்குச் சூடேறினால் 9.2 பார் காட்டும். திரையில் பார்த்தால் எல்லாத்திலும் சுகமான டயர் அதுதான். வெப்பத்தைச் சேர்த்துப் பார்க்காமல் அழுத்தத்தை மட்டும் பார்த்து நிறம் பூசுகிற எந்தத் திரையும் மாரியில் வீணாகக் கத்தும், ஓடுகிற நேரம் பேசாமல் இருக்கும். மாரியில் நாலு தரம் வீணாகக் கத்தினால் ஐந்தாம் தரம் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

சட்டம் வந்துவிட்டது, பழைய ட்ரெய்லர் போகவில்லை

இந்தச் சட்டங்களின் தொடக்கம் அமெரிக்காவில். 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கொம்பனி 65 இலட்சம் அளவு டயர்களைத் திருப்பி எடுத்தது. பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளில் இருந்தவை. அந்த விபத்துகளில் 250க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் நவம்பரில் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. கார்களில் டயர் கண்காணிப்பு கட்டாயமானது அதன் வழியாகத்தான். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம்.

லொறிக்கும் ட்ரெய்லருக்கும் இன்னும் பத்து வருடம் எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2144 இலக்க ஒழுங்குவிதிப்படி 2022 யூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2024 யூலை முதல் புதிதாகப் பதிகிற எல்லா லொறிக்கும் பஸ்ஸுக்கும், மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட ட்ரெய்லர்களுக்கும் டயர் கண்காணிப்பு வேண்டும். காரைவிட அதிகம் பாரம் ஏற்றுகிற, அதிகம் ஓடுகிற, ஓட்டுநர் உணரவே முடியாத வண்டிக்குக் கடைசியாக வந்திருக்கிறது. பிந்தினாலும் வந்ததை நான் வரவேற்கிறேன்.

ஆனால் 'புதிதாகப் பதிகிற' என்ற சொல்லைக் கவனியுங்கோ. ட்ரெய்லரில் எஞ்சின் இல்லை, பழுதாகப் பெரிதாக ஒன்றுமில்லை. பத்துப் பதினைந்து வருடம் இலேசாக ஓடும். லொறியோ சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். ஆகவே வருகிற பத்து வருடத்துக்கு வீதியில் நாங்கள் காணப்போவது புதுத் திரை உள்ள லொறி, பின்னால் சென்சர் இல்லாத ட்ரெய்லர்.

ட்ரெய்லர் லொறியோடு பேசுகிற வழியும் சுவாரசியமானது. லொறிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் சுருளாகத் தொங்குகிற கேபிள்களைக் கண்டிருப்பீர்கள். அதில் ஒன்று பிரேக்குக்கான மின் கேபிள், ஐ.எஸ்.ஓ. 7638 தரம். 7 ஊசி. முதல் ஐந்தும் மின்சாரத்துக்கும் எச்சரிக்கை விளக்குக்கும். கடைசி இரண்டு ஊசியில்தான் தரவு போகும், ஐ.எஸ்.ஓ. 11992 என்ற மொழியில், வினாடிக்கு 125 கிலோபிட் வேகத்தில். உங்கட வீட்டு வைஃபையோடு ஒப்பிட்டால் நத்தை. ஆனால் எந்தக் கொம்பனியின் லொறிக்குப் பின்னால் எந்தக் கொம்பனியின் ட்ரெய்லரைக் கொழுவினாலும் விளங்குகிற மொழி. அதுதான் அதன் பெருமை. ஆனால் 5 ஊசி மட்டும் உள்ள பழைய கேபிளைக் கொழுவினால் ஏ.பி.எஸ். வேலை செய்யும், தரவு போகாது. சென்சர் எல்லாம் உசாராக அளந்துகொண்டிருக்கும், முன்னால் இருப்பவருக்கு ஒன்றும் வராது.

சென்சர் இருந்து பழுதானால் அதற்குத் தனியாக எச்சரிக்கை காட்ட வேண்டும் என்று விதியில் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் சென்சரே பூட்டாத பழைய ட்ரெய்லரில் பழுதாவதற்கு என்ன இருக்கிறது? நான் பார்த்த சில திரைகளில், பேசாத ட்ரெய்லரைக் கொழுவினால் லொறியின் படம் மட்டும் வரும், ஆறு டயரும் பச்சையாக. பின்னால் 24 தொன்னோடு இன்னும் ஆறு டயர் வருகிறது என்று திரைக்கே தெரியாது. என் ஒரு வரியைவிட இது நாகரிகமானது. முடிவு ஒன்றுதான்.

எண் போகிற இடம்

அந்தக் கொன்ராக்டில் என்னை யோசிக்க வைத்த இன்னொரு விஷயம் இருந்தது. ட்ரெய்லர் ஒருவருடையது, லொறி இன்னொருவருடையது, சரக்கு மூன்றாமவருடையது. பட்போர்க்கில் வந்து நிற்கும் ட்ரெய்லரை வேறு கொம்பனி ஓட்டுநர் கொழுவிக்கொண்டு வடக்கே போவார். ட்ரெய்லரின் டயர் அளவுகள் அதன் சொந்தக்காரருடைய போர்ட்டலுக்குப் போகும், அது வேறு நாட்டிலும் இருக்கலாம். இழுத்துக்கொண்டு போகிறவருக்கு லொக்கின் இல்லை. அவருக்குக் கிடைப்பது, கிடைத்தால், ஒரு மஞ்சள் விளக்கு.

டென்மார்க் வீதிச் சட்டப்படி, வாகனம் ஓடத்தக்க நிலையில் இருப்பதற்குச் சொந்தக்காரரோடு ஓட்டுநருக்கும் பொறுப்பு உண்டு. பொலிஸ் மறித்தால் முதலில் கதைப்பது அவரோடுதான். பொறுப்பு அவரிடம், எண் வேறொருவரிடம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்ரெம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. இணையத்தோடு தொடுத்த ஒரு பொருள் உருவாக்கும் தரவைக் கேட்டுப் பெற அதன் பாவனையாளருக்கு உரிமை உண்டு என்கிறது. போன கோடையில் எங்கட எபிசோடில் இதைப் புகழ்ந்து பேசினோம், இப்பவும் புகழ்கிறேன். ஆனால் அதில் பாவனையாளர் என்றால் பொருளின் சொந்தக்காரர், அல்லது ஒப்பந்தத்தால் பாவிக்கும் உரிமை பெற்றவர். சம்பளத்துக்கு ஓட்டுகிறவர் அதற்குள் வருவது கஷ்டம். உரிமை கொம்பனிக்குப் போகும். கொம்பனி விரும்பினால் ஓட்டுநருக்குக் காட்டும்.

திறந்து விடுங்கோ என்று சொன்னால் உடனே வருகிற பதில் பாதுகாப்பு. அதில் உண்மையும் இருக்கிறது. 2010இல் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் கார் டயர் சென்சர்களைச் சோதித்தார்கள். செய்திகளில் மறைகுறியீடும் இல்லை, அனுப்புகிறவர் யார் என்ற சரிபார்ப்பும் இல்லை. 40 மீற்றர் தூரத்தில் இருந்து கேட்க முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த காருக்குப் பொய்ச் செய்தி அனுப்பி எச்சரிக்கை விளக்கை எரியவைக்க முடிந்தது. ஒவ்வொரு சென்சருக்கும் மாறாத ஓர் இலக்கம் இருப்பதால் ஒரு காரைப் பின்தொடரவும் வழி இருந்தது. இன்றைக்கு ஒரு மலிவான யு.எஸ்.பி. ரேடியோவும் ஆர்.டி.எல்_433 என்ற திறந்த மென்பொருளும் இருந்தால் பக்கத்தில் நிற்கிற கார்களின் டயர் அளவை உங்கட லப்டொப்பில் வாசிக்கலாம்.

இதைப் பற்றி நான் நினைப்பது இதுதான்: ரேடியோவைப் பூட்டுங்கோ, எண்ணைப் பூட்டாதேங்கோ. சில்லில் இருந்து பெட்டிக்குப் போகிற செய்தி மறைகுறியீட்டோடும் சரிபார்ப்போடும் போகட்டும். அங்கே இருந்து கேபிள் வழியாக முன்னால் இருக்கிற மனிசருக்கு அது திறந்தபடி வரட்டும். இப்போது பல இடங்களில் நடப்பது தலைகீழ். வீதியில் நிற்கிற எவருக்கும் கேட்கிற எண், ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

நான் கேட்பது மூன்று

ஒன்று, தெரியாது என்பதைத் தனி நிறத்தில் காட்டுங்கோ. பச்சை, மஞ்சள், சிவப்போடு சாம்பலும் நிரந்தரமாக இருக்க வேண்டும். பேசாத ட்ரெய்லர் பின்னால் கொழுவியிருந்தால், ஆறு சாம்பல் வட்டம் வரட்டும். கேபிள் கொழுவியிருக்கிறது, பிரேக் விளக்குக்கு மின்சாரம் போகிறது என்றால் பின்னால் ஒன்று இருக்கிறது என்று லொறிக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குப் புதிய சென்சர் ஒன்றும் தேவையில்லை.

இரண்டு, அளவோடு வெப்பத்தையும் நேரத்தையும் காட்டுங்கோ. '8.4 பார், 12 பாகை, 6 நிமிடத்துக்கு முன்' என்று வந்தால் முப்பது வருடம் லொறி ஓடினவர் அதில் இருந்து என் கோடைவிடக் கூடுதலாக விளங்கிக்கொள்வார்.

மூன்று, ட்ரெய்லரின் தரவு அதை யார் இழுக்கிறாரோ அவருக்கு அந்தப் பயணம் முடியும்வரை கிடைக்க வேண்டும். லொக்கின் இல்லாமல், மாதக் கட்டணம் இல்லாமல், கேபிளைக் கொழுவினவுடன். அதற்கான மொழி ஏற்கெனவே அந்த இரண்டு ஊசியில் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் கிடையாது. சாம்பல் வட்டம் கூடினால் ஒருவரும் அதைப் பார்க்கமாட்டார்கள் என்ற அவர்கள் பயம் சரியான பயம். ஆனால் அதற்கு மருந்து பச்சை பூசுவதில்லை. சாம்பல் வட்டம் அலுவலகத்துக்கு ஒரு வேலைப் பட்டியல்: இந்த ட்ரெய்லரில் சென்சரை மாற்று, இந்தக் கேபிளை மாற்று. ஓட்டுநருக்கு ட்ரெய்லர் கொழுவும்போது ஒருமுறை சொன்னால் போதும்: "பின்னால் ஆறு டயரை என்னால் பார்க்க ஏலாது, நீங்கள் பாருங்கோ." பிறகு வழி முழுக்கத் தொல்லை கொடுக்கத் தேவையில்லை.

அந்த வரியை நான் பிறகு மாற்றினேன். கொன்ராக்ட் முடிந்திருந்தது, காசு கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு போய் இரண்டு மணித்தியாலம் இருந்து மாற்றிக் கொடுத்தேன். இரண்டு மணித்தியாலம்! முதலிலேயே "ஏலாது" என்று சொல்லியிருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது. கொன்ராக்டரால் அப்படிச் சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அடுத்த கொன்ராக்ட் அவர்கள் கையில்தான் இருக்கும். உங்களில் கனபேர் இப்போது முதல் வேலைக்குப் போகிறீர்கள், கொஞ்ச நாளில் யாரோ ஒருவர் ஒரு கூட்டத்தில் "திரை வடிவாக இல்லை, இந்தக் கேள்விக்குறியை எடுக்க ஏலாதா?" என்று கேட்பார். ஆஸ்பத்திரி மென்பொருளாக இருக்கலாம், பஸ் நேரம் காட்டும் ஆப்பாக இருக்கலாம். அப்போது இந்த அண்ணையை ஒருக்கால் நினையுங்கோ.

உங்கட ட்ரெய்லர்

லொறி எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கடைசி விஷயம். மேலே சொன்ன சட்டம் மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்கு மட்டும்தான். கோடை முடிய ஓர்ஹூஸுக்கோ ஓடென்சவுக்கோ படிக்கப் போகும்போது கட்டிலையும் மேசையையும் ஏற்ற நீங்கள் வாடகைக்கு எடுக்கிற சின்ன ட்ரெய்லர், ஹேர்னிங் கோயில் திருவிழாவுக்குக் கிடாரமும் அண்டாவும் ஏற்றிப்போக மாமா கொழுவுகிற ட்ரெய்லர், இதுகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. காரின் திரை நாலு சில்லையும் சரி என்று காட்டும். பின்னால் உருள்கிற இரண்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் மாட்டாது.

அந்த இரண்டு டயரும் வருடத்தில் பாதி நாள் வெயிலிலும் பனியிலும் சும்மா நிற்பவை. பெற்றோல் நிலையத்தில் காற்று அடிக்கிற இடத்தில் இரண்டு நிமிடம் நிற்பாட்டுங்கோ. எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டயர்ப் பக்கச் சுவரைப் பார்த்து ஊகிக்க வேண்டாம், அங்கே இருப்பது அதிகபட்ச அளவு. ட்ரெய்லரின் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும், இல்லாவிட்டால் வாடகைக்குத் தந்தவரைக் கேளுங்கோ. பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கோ.

அந்த அண்ணை இப்பவும் ஓடுகிறார். போன மாதம் வைலே தொடருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கண்டேன். புது லொறி கொடுத்திருக்கிறார்களாம், திரை பெரிசாம், ட்ரெய்லர் படமும் வருகிறதாம். "பிறகென்ன அண்ணை, இப்ப தட்டிப் பாக்கிறேல்லையோ?" என்று கேட்டேன். சிரித்தார். "ஏன் பாக்காம? ஸ்கிரீனையும் பாப்பன், சுத்தி நடந்தும் பாப்பன். உங்கள மாதிரிப் பெடியள் தானே எழுதுறது" என்றார்.

உங்கட வீட்டில் யாரும் லொறியோ பஸ்ஸோ ஓடுகிறார்கள் என்றால், அவர்கள் திரையில் எதை நம்புகிறார்கள், எதை நம்புவதில்லை என்று கேட்டு இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கோ. ஓர் எபிசோட் முழுக்க அதற்கு ஒதுக்க ஆசை. அந்த அண்ணையைக் கூப்பிட்டால் வருவாரோ தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன்.

அடுத்த கிழமை சந்திப்பம்.